சீமை மிட்டாயும் கல்லுப்பட்டிக் கணக்கும்

'சீமை' என்ற சொல் தமிழில் நடந்துவந்த வழி கவனிக்கத்தக்கது. எல்லை என்றும், எல்லைக்கு உட்பட்ட நாடு என்றும் பொருள்பட்டுச் சிவகங்கைச் சீமை, இராமநாதபுரம் சீமை என்று வழங்கிய அச்சொல், கும்பினியார் ஆட்சி வேர்விட்ட பிறகு கடலுக்கு அப்பாலுள்ள இங்கிலாந்தையும் குறிக்கலாயிற்று. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் சீமைக்குப் போய்ப் படித்து வந்தார்கள். விளக்குக்குச் சீமை எண்ணெய் வந்தது. கூரைக்குச் சீமை ஓடு வந்தது. நாளடைவில், எந்தக் கடலைத் தாண்டி வந்தாலும் அது சீமைப் பொருள்தான் என்றாயிற்று. நம் கரிசல் காட்டை வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலத்துக்கும் இங்கிலாந்துக்கும் யாதொரு உறவும் இல்லை. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம்.

சீமையிலிருந்து வந்த துணியைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் நம்மிடம் விரிவான வரலாறுகள் உண்டு. மிட்டாயைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சிறுபிள்ளைகளின் தின்பண்டம் வரலாற்றுக்கு உரிய பொருளா என்ற தயக்கம் காரணமாக இருக்கலாம். ஆனால் துணியை விரும்பாதவர்கூட அதை உடுத்தியாக வேண்டும். மிட்டாயை யாரும் கட்டாயத்தின் பேரில் தின்பதில்லை. ஒரு பேரரசின் பொருளை மக்கள் ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்ட இடம் என்று பார்த்தால், மிட்டாய்க் கதையின் எடை கூடிவிடுகிறது.

இக்கதையைச் சொல்ல நாம் தேர்ந்துகொள்ளும் ஊர் டி. கல்லுப்பட்டி. திருமங்கலத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையில், தேவன்குறிச்சி மலையை அடுத்து அமைந்த கரிசல் பூமி. 1976ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியதால், தொல்லியல் படித்தவர்களுக்கு இப்பெயர் பழக்கமானது. பொருளியல் படித்தவர்களுக்கு வேறொரு வகையில் பழக்கம்: காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. சீமை மிட்டாய்க்கும் குமரப்பாவுக்கும் என்ன தொடர்பு என்பதற்கு வருமுன், இனிப்பின் சொற்களைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

சொற்களில் கரைந்த சர்க்கரை

கரும்பே இந்த மண்ணுக்கு வந்துசேர்ந்த பொருள்தான் என்ற நினைவு நம் இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியோ, இனிப்புப் பண்டம் விற்கும் கூவியர், நள்ளிரவில் கடையடைத்துத் தூங்கி விழும் காட்சியைக் காட்டுகிறது. ஆக, மதுரை வட்டாரத்து மக்களுக்குத் தின்பண்டக் கடை புதிதன்று.

சர்க்கரைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் ஓர் ஊர்ப்பெயரைச் சுமந்திருக்கின்றன. 'சீனி' என்பது சீனத்தை நினைவூட்டும் பெயர். பழைய மளிகைக் கடைகளில் வெள்ளைச் சர்க்கரைக்கு வழங்கிய 'அஸ்கா' என்ற பெயர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்ற ஊரின் ஆலையிலிருந்து வந்தது. அவ்வூர் இன்று ஒடிசாவில் உள்ளது. குஜராத்தி மொழியில் சர்க்கரைக்கு 'மோரஸ்' என்றொரு பெயர் உண்டு. அது மொரீஷியஸ் தீவைக் குறிப்பது. சரக்கு வந்த வழியை மக்கள் மொழி மறக்காமல் குறித்துவைத்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகம், அரபி வழியாகப் பயணம் செய்து ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. கட்டிச் சர்க்கரையைக் குறித்த 'கண்டம்' என்ற சொல் நம்மிடம் கற்கண்டில் நிற்கிறது. அதே சொல் அரபி வழியாக ஐரோப்பா சென்று 'கேண்டி' ஆயிற்று. மலையாளத்துச் 'சக்கர' போர்த்துகீசியர் வாயில் உருமாறி ஆங்கிலத்தில் 'ஜாகரி' ஆயிற்று. பெயரும் பொருளும் இங்கிருந்து போயின. சில நூற்றாண்டுகளுக்குப் பின், அவை வண்ணத்தாள் சுற்றிக்கொண்டு சீமைச் சரக்காகத் திரும்பி வந்தன. 'மிட்டாய்' என்ற சொல்கூட 'இனிப்பு' என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து நமக்கு வந்ததே. நம்மவர்கள் 'பெப்பர்மிண்டு' என்ற ஆங்கிலச் சொல்லின் வாலை வெட்டி அந்த இடத்தில் மிட்டாயை ஒட்டிப் 'பெப்பர்மிட்டாய்' என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

ஆகவே, அயலது என்பதற்காக ஓர் இனிப்பை விலக்குவதென்றால் கரும்பில் தொடங்கி எல்லாவற்றையும் விலக்க வேண்டியிருக்கும். இன்று நம் தென்மாவட்டங்களின் பெருமையாக இருக்கும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதிலுள்ள நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். 'மணிலாக்கொட்டை' என்ற பெயரே அது சுற்றிவந்த வழியைச் சொல்லும். சீமை மிட்டாயிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி பிறப்பிடத்தைப் பற்றியதன்று.

தகர டப்பாவில் வந்த சீமை

இங்கிலாந்தில் மிட்டாய் ஏழைகளின் தின்பண்டமாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1874இல் அந்நாட்டு அரசு சர்க்கரை மீதான இறக்குமதி வரியை அறவே நீக்கியது. ஐரோப்பியக் கண்டத்திலிருந்து பீட்ரூட் சர்க்கரையும் மலிவாக வந்து குவிந்தது. சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் சேர்த்து ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் காய்ச்சி, கண்ணாடிபோல் இறுகவைக்கும் மிட்டாய்கள் ஆலைகளில் மலைமலையாக உருவாயின. ஹாலிஃபாக்ஸ் நகரில் ஜான், வயலட் மெக்கின்டாஷ் தம்பதியர் 1890இல் தம் கடையைத் தொடங்கினர். இறுகிய ஆங்கில இனிப்பையும் மெத்தென்ற அமெரிக்க இனிப்பையும் கலந்து அவர்கள் செய்த டாஃபி பெரும் புகழ்பெற்றது.

இவை நம் பக்கம் வந்தது முதலில் வெள்ளைக்காரர்களுக்காகவே. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கப்பல் வழி சுருங்கியது. 1875இல் மதுரைக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி வரை நீண்டது. சென்னை மவுண்ட் சாலையில் 1863இல் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனம், சீமையிலிருந்து வந்த பிஸ்கோத்து, ஜாம், பாலாடைக்கட்டி, மிட்டாய் ஆகியவற்றை ஊர் ஊராக இருந்த துரைமார்களுக்கு அனுப்பிவைத்தது. தென்னிந்திய ரயில் நிலையங்கள் பலவற்றில் சிற்றுண்டி அறைகளையும் அதுவே நடத்தியது. மதுரையில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை 1890களில் எழுந்தபோது அங்கும் வெள்ளைக்கார மேலாளர்கள் வந்து குடியேறினர்.

நாடுவிட்டு வந்தவனுக்கு ஊர்ச்சுவை எவ்வளவு பெரிய ஏக்கம் என்பதை இந்தத் தகர டப்பாக்கள் காட்டுகின்றன. சென்னையில் பணியாற்றிய கென்னி ஹெர்பர்ட் என்ற படை அதிகாரி, 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சமையல் குறிப்புகள் எழுதி 1878இல் நூலாக வெளியிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் புத்தம்புது மீனும் கோழியும் காயும் கிடைக்க, விருந்தினருக்குச் சீமை டப்பாக்களைத் திறந்து பரிமாறுவதை மதிப்பென்று கருதும் தம் நாட்டாரை அவர் அந்நூலில் கண்டிக்கிறார். டப்பாவில் வந்ததே உயர்ந்தது என்ற எண்ணம் முதலில் பிடித்தாட்டியது ஆங்கிலேயரையே என்பது இதனால் விளங்கும். அந்நோய் நமக்குப் பின்னால் தொற்றியது.

மிட்டாயை இங்கே கொண்டுவருவது எளிதாகவும் இருக்கவில்லை. சாக்லேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய் 34 பாகை வெப்பத்தை ஒட்டி உருகிவிடும். மதுரைச் சித்திரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். காய்ச்சிய மிட்டாயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அடுத்தது எறும்பு. ஆகவே காற்றுப்புகாத தகர டப்பா, மெழுகுத்தாள், இறுக்கி மூடிய கண்ணாடிச் சாடி ஆகிய மூன்றும் இல்லாமல் சீமை மிட்டாய் இந்த வெயிலில் பிழைத்திருக்க முடியாது. பண்டத்தைவிட அதன் உறை பெருமதிப்புப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மிட்டாயின் சர்க்கரை எங்கிருந்து போயிற்று என்ற கேள்வியை டப்பாவின் மேல் யாரும் அச்சிடவில்லை. 1834இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். மொரீஷியஸ் தீவுக்கு மட்டும் இந்தியாவிலிருந்து நான்கரை லட்சம் பேர் சென்றனர். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். ஃபிஜித் தீவுக்கும் 1903 முதல் சென்னையிலிருந்து கூலிகள் அனுப்பப்பட்டனர். அத்தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடியதை இலக்கிய அன்பர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. பேரரசின் கரும்புத் தோட்டங்களில் நம் மக்களின் வியர்வை கலந்திருந்தது என்பதோடு இதை நிறுத்திக்கொள்வோம்.

கண்ணாடிச் சாடிக்குள் வந்த சீமை

டப்பா மிட்டாய் துரைமாரோடும் ஜமீன்தார் வீடுகளோடும் நின்றது. கிராமத்துக் கடைக்கு வந்தது அதன் வடிவமும் நிறமும்தான். அதற்கு வழிசெய்தது உள்நாட்டு உற்பத்தி. வேல்ஸ் நாட்டவரான தாமஸ் பாரி 1788இல் சென்னையில் தொடங்கிய வணிகம், கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் 1842இல் சர்க்கரை ஆலையாக விரிந்தது. அதே நெல்லிக்குப்பத்தில் 1914இல் பாரி மிட்டாய்த் தொழிற்சாலை எழுந்தது. பம்பாயில் 1929இல் தொடங்கிய பார்லே, சுதேசி முதலில் ஆரஞ்சு மிட்டாய் செய்தது. அதற்கான தொழில்நுட்பமும் இயந்திரமும் ஜெர்மனியிலிருந்து வந்தன. காட்பரி நிறுவனம் 1948இல், ஆங்கிலேயர் நாட்டைவிட்டுப் போன மறு ஆண்டில், இந்தியாவில் தன் கிளையை நிறுவியது. சாக்லேட்டுகளை இறக்குமதி செய்து விற்பதில் தொடங்கி, பின்னர் இங்கேயே தயாரிக்கலாயிற்று.

ஊர்ப்புறங்களில் குடிசைத் தொழிலாகவும் இது பரவியது. சீனிப்பாகு, சாயம், எசன்ஸ், ஓர் அச்சு, ஓர் அடுப்பு போதும். சுளை வடிவிலான ஆரஞ்சு மிட்டாயும் வரிபோட்ட பெப்பர்மிட்டாயும் பெட்டிக்கடைச் சாடிகளில் ஏறின. அதே பலகையில் வெல்லப்பாகும் தேங்காயும் சேர்ந்த கமர்கட்டும், கடலைமிட்டாயும், கருப்பட்டி மிட்டாயும் பக்கத்துச் சாடிகளில் இருந்தன. ஆனால் சாடிகளுக்குள்ளே ஒரு சாதி வரிசை உண்டாயிற்று. கறுப்பாகவும் பழுப்பாகவும் இருந்தவை நாட்டுப்புறத்துப் பண்டங்கள் எனவும், வெளிறிப் பளபளத்தவை நாகரிகப் பண்டங்கள் எனவும் ஆயின. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும் நாளில் பிள்ளைகளுக்குக் கொடுத்தது ஆரஞ்சு மிட்டாயே. வெள்ளைக்காரனை விரட்டிய நாளைக் கொண்டாட அவன் விட்டுச்சென்ற மிட்டாய் வடிவமே கைகொடுத்தது.

இதற்குப் பின்னால் ஓர் அரசுக் கொள்கையும் இருந்தது. மானியம் பெற்ற ஐரோப்பியப் பீட்ரூட் சர்க்கரையைத் தடுக்கக் கர்சன் காலத்தில், 1899இல், ஈட்டு வரி விதிக்கப்பட்டது. 1905க்குப் பின் சுதேசி இயக்கத்தினர் சீமைத் துணியோடு சீமைச் சர்க்கரையையும் விலக்கக் கோரினர். அது எலும்புக்கரி கொண்டு வெளுக்கப்படுவது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. பின்னர் ஜாவாச் சர்க்கரை வந்து குவிந்தது. 1932இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. 30-ஐ ஒட்டியிருந்த ஆலைகள் நான்கே ஆண்டுகளில் 130-ஐத் தாண்டின. சீமைச் சர்க்கரை போய்ச் சுதேசிச் சர்க்கரை வந்துவிட்டது, தேசபக்தர்கள் மகிழ்ந்தனர். அந்த நேரத்தில், 'இதன் வரவு செலவைக் காட்டுங்கள்' என்று கேட்டவர் ஒருவர் உண்டு.

கல்லுப்பட்டியில் ஒரு தணிக்கையாளர்

1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் கொர்னேலியஸ், லண்டன் சென்று கணக்கியல் படித்துத் தணிக்கையாளரானவர். பம்பாயில் தொழில் நடத்தியவர். பின்னர் அமெரிக்காவில் சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றவர். இந்தியாவின் வறுமைக்கும் அரசின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராய்ந்தார். 1929இல் காந்தியைச் சந்தித்தபின் அவர் வாழ்க்கை மாறியது. குமரப்பா என்ற குடும்பப் பெயரை மீண்டும் சூடிக்கொண்டார். 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானபோது அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. கிறித்தவ இறையியலையும் எழுதிய அவருக்குக் காந்தி வேடிக்கையாகக் 'கிராமக் கைத்தொழில் டாக்டர்' என்று பட்டம் சூட்டினார்.

டி. கல்லுப்பட்டியில் காந்தியத் தொண்டர் வேங்கடாசலபதி 1940இல் காந்தி நிகேதன் ஆசிரமத்தை நிறுவினார். 1950களில் உடல்நலம் குன்றிய குமரப்பா இங்கே வந்து தங்கினார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தி நினைவுநாளிலேயே, அவர் காலமானார். லண்டனும் நியூயார்க்கும் கண்ட கணக்காளர் இறுதியில் உட்கார்ந்த இடம் இந்தக் கரிசல் மண்.

இனிப்பைப் பற்றிய அவருடைய கணக்கு எளிமையானது. கரும்பு விளைவது நல்ல நீர்வளமுள்ள நிலத்தில். ஆலைக்குக் கரும்பு பெருகப் பெருக, அந்த நிலத்தில் விளையவேண்டிய நெல்லும் தவசமும் குறையும். ஆலையில் வெளுத்து வருவது உயிர்ச்சத்து நீங்கிய வெறும் இனிப்பு. பனையோ, உழவுக்கு உதவாத மேட்டிலும் மணலிலும் தண்ணீர் கேட்காமல் வளர்கிறது. நாட்டின் இனிப்புத் தேவையைப் பனைக்கு மாற்றிவிட்டால் நஞ்சை நிலம் சோற்றுக்கு மிஞ்சும். ஏறுபவருக்கும் காய்ச்சுபவருக்கும் ஊரிலேயே வேலை கிடைக்கும். மதுவிலக்கால் கள் இறக்கும் தொழிலை இழந்தோருக்குப் பதநீரும் கருப்பட்டியும் மாற்று வாழ்வாகும். சேலத்தில் 1937இல் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் வந்தபோது, இந்தக் கடைசி வாதம் ஏட்டளவில் நிற்காமல் அரசுத் திட்டமாகவும் ஆயிற்று.

சிறையிலிருந்தபடி அவர் எழுதி 1945இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூல், பொருளியலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. இரையைக் கொன்று தின்னும் புலி ஒன்று. தான் நடாத தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு இரண்டாவது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. இனிப்பைச் சேர்க்கும் உயிரினமாகிய தேனீயை அவர் இந்த வரிசையில் உயரத்தில் வைத்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும், பேரரசின் கரும்புத் தோட்டத்தை இந்த ஐந்தில் எங்கே வைப்பது என்று எண்ணிப் பார்த்தால் விடை காண்பது கடினமில்லை.

இந்தக் கணக்கில் 'சுதேசி' என்ற முத்திரை மட்டும் போதுமானதாக இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆலையின் முதலாளி லண்டனில் இருந்தாலும் நெல்லிக்குப்பத்தில் இருந்தாலும், பனையேறியின் அடுப்பு அணைந்தால் கணக்கில் அது நட்டமே. நாடு என்ற எல்லைக்குள் ஊர் என்ற எல்லையை வைத்துப் பார்த்தவர் அவர். சீமை என்ற சொல்லின் பழைய பொருளுக்கே அவர் திரும்பிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

வளைகுடா வழியே வந்த டப்பா

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. சீமை மிட்டாய் கடைகளிலிருந்து மறைந்தது. அது திரும்பி வந்தது 1970களுக்குப் பின், விமானத்தில், பயணப் பெட்டிக்குள். எண்ணெய் வளத்தால் செழித்த வளைகுடா நாடுகளுக்கு மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வேலைக்குப் போனவர்கள், விடுமுறைக்கு வரும்போது கோடாலித் தைலம், வாசனைத் திரவியம், டேப்ரிகார்டர் ஆகியவற்றோடு வட்டவடிவத் தகர டப்பா ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அது மெக்கின்டாஷ் நிறுவனத்தின் 'குவாலிட்டி ஸ்ட்ரீட்'.

நாம் பள்ளியில் படித்த 1990களில் அந்த டப்பா திறக்கப்படும் வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடும். ஆளுக்கு ஒன்று, உறவுக்கு இரண்டு. ஊதாத்தாள் சுற்றியது முதலில் தீரும். தின்ற பிறகு அந்தக் கண்ணாடித்தாளைக் கண்ணில் வைத்து உலகத்தைச் சிவப்பாகவும் பச்சையாகவும் பார்ப்போம். பிறகு அது பாடப்புத்தகத்துக்குள் போய்விடும். டப்பா தைக்கும் ஊசிநூலுக்கோ ரேஷன் அட்டைக்கோ உரியதாகிப் பல ஆண்டுகள் அலமாரியில் நிற்கும். அந்த வீட்டில் ஒருவர் அயல்நாட்டில் இருக்கிறார் என்பதற்கு அதுவே சான்றிதழ்.

1936இல் அறிமுகமான அந்த மிட்டாயின் பெயர் ஒரு நாடகத்தின் பெயர். பீட்டர் பான் கதையைத் தந்த ஜே. எம். பாரியின் 1901ஆம் ஆண்டு நாடகம் அது. நெப்போலியன் போர்க்காலத்தில் நடப்பது. அதனால்தான் டப்பாவின் மேல் அக்காலத்துப் பட்டாளத்துச் சீருடை அணிந்த ஓர் அதிகாரியும் ஒரு சீமாட்டியும் நெடுங்காலம் நின்றார்கள். நெப்போலியனோடு இங்கிலாந்து மோதிய அதே ஆண்டுகளில்தான் அதன் பட்டாளம் இங்கே பாளையக்காரர்களோடு மோதியது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்; 1801இல் மருதிருவர். மதுரைக்குத் தெற்கே எத்தனையோ வீடுகளின் அலமாரியில் அந்தப் பட்டாளத்துக்காரர் புன்னகையோடு நின்றார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இனிப்பின் வலிமை அத்தகையது.

அந்த டப்பாவும் இப்போது முழுக்க ஆங்கிலேயருடையதன்று. ரவுண்ட்ரீ மெக்கின்டாஷ் நிறுவனத்தை 1988இல் சுவிட்சர்லாந்தின் நெஸ்லே வாங்கியது. காட்பரியை 2010இல் அமெரிக்காவின் கிராஃப்ட் வாங்கியது. நெல்லிக்குப்பத்துப் பாரி மிட்டாயை 2004இல் கொரியாவின் லோட்டே வாங்கியது. சீமை மிட்டாய்க்கு இன்று சீமையே இல்லை. மதுரையின் பெரிய கடைகளில் அது பண்டிகைக் காலத்தில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு நகரலாம், வாங்கியும் கொள்ளலாம். பழைய பரவசம் மட்டும் போய்விட்டது. எளிதில் கிடைக்காமையே அதன் பாதிச் சுவையாக இருந்திருக்கிறது.

கணக்கு இன்னும் முடியவில்லை

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. கருப்பட்டிக் காப்பி நெடுஞ்சாலைகளில் விளம்பரமாகிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆரஞ்சு மிட்டாயும் தேன்மிட்டாயும் 'அந்தக்கால மிட்டாய்' என்ற பெயரில் அழகிய பெட்டிகளில் விற்கப்படுகின்றன. லண்டனிலும் டொரண்டோவிலும் வாழும் தமிழர்கள் கடலைமிட்டாயைத் தேடி வாங்குகிறார்கள். அன்று மவுண்ட் சாலையில் சீமை டப்பாவைத் தேடிய துரைமாரின் ஏக்கம், கடல்மாறி இன்று நம்மவர் நெஞ்சில் குடியிருக்கிறது. சாடியின் சாதி வரிசை தலைகீழானதுபோல் தோன்றும்.

ஆனால் குமரப்பாவின் கணக்கேட்டைத் திறந்து பார்த்தால் மனம் அவ்வளவு எளிதில் நிறைவடையாது. கருப்பட்டி என்ற பெயரில் விற்பவற்றில் வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சியவை ஏராளம் என்ற புகார் நெடுநாளாகவே உண்டு. ஆலைச் சீனி ஒருகாலத்தில் வெள்ளையாக வந்து கருப்பட்டியை விரட்டியது. இப்போது கருப்பட்டியின் நிறத்தையே பூசிக்கொண்டு அதன் ஓலைக் கொட்டானுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பனையேறும் தொழிலாளியின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி, காலையும் மாலையும் நாள்தோறும் பத்து நாற்பது மரம் ஏறி இறங்குபவர் அவர். தவறினால் உயிரோ இடுப்போ போகும். புகை சூழ்ந்த கொட்டகையில் மணிக்கணக்கில் பதநீர் காய்ச்சுபவர் அவர் மனைவி. ஆண்டில் சில மாதமே வேலை. அதற்குள் கடன், அதன்மேல் சாதியின் இழிசொல். அவர் பிள்ளை படித்துவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறினால் அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அந்தப் பிள்ளை முதல் விடுமுறைக்குக் கொண்டுவரும் தகர டப்பாவைப் பண்பாட்டு வீழ்ச்சி என்று எழுதுவதற்கும் நமக்கு மனமில்லை. மரத்தில் ஏறாதவர்கள் பனையின் புகழ் பாடுவது, கரும்புத் தோட்டத்தைக் காணாதவர்கள் டாஃபியின் புகழ் பாடியதைப் போன்றதுதான்.

குமரப்பாவின் கணக்கில் ஒரு பத்தி நிரப்பப்படாமல் இருக்கிறதென்றால் அது இதுதான்: ஏறுபவருக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் மதிப்பும். 1978இல் பனையை மாநில மரமாக அறிவித்தோம். ஏறுபவரை அதற்கு இணையாக ஏற்றிவைக்கவில்லை. நல்ல கருப்பட்டியின் விலை கூடுதல் என்று கடையில் பேரம்பேசும்போதெல்லாம் நாம் அந்தப் பத்தியிலிருந்துதான் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

சீமை மிட்டாயைத் தின்றதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கரும்பும் நிலக்கடலையும் நம்முடையவையானதுபோல் பெப்பர்மிட்டாயும் நம்முடையதாகிவிட்டது. மொழியே அதற்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டது. எந்த இனிப்பானாலும், அது வந்த வழியில் யார் கையில் காய்ப்புக் காய்த்தது, யார் பையில் காசு சேர்ந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு வாயில் போடும் பழக்கம் வந்தால் போதும். டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்து மறைந்த அந்தத் தணிக்கையாளர் நம்மிடம் கேட்டதும் அவ்வளவுதான்.